அரசு பட்ட கடன்

நாம் அரசுக்குக் கடன்பட்டால் என்ன நடக்கும் என்பதை நாடறியும். அரசு நமக்குக் கடன்பட்டால் என்ன நடக்கும் என்பதை, அந்தக் கடனைக் கேட்டு நடையாய் நடந்து கால் தேய்ந்தவர் மட்டுமே அறிவர்!

உழவன் ஒருவன் நிலவரி பாக்கி வைத்தான் என்று கொள்வோம். 1864-ஆம் ஆண்டு, வெள்ளையர் ஆட்சியில் பிறந்த வருவாய் வசூல் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. அது துணையிருக்க, அரசு வழக்குத் தொடுக்க வேண்டியதில்லை. வழக்கறிஞரைத் தேட வேண்டியதில்லை. தீர்ப்புக்குக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஆட்சித் தலைவரின் ஆணை போதும். பொருள் ஜப்தியாகும், நிலம் ஏலத்துக்கு வரும், அசலோடு வட்டியும், வட்டியோடு செலவும் வசூலாகும். கேட்பவரும் அவரே, கணக்கிடுபவரும் அவரே, கைப்பற்றுபவரும் அவரே!

காட்சியைத் திருப்பிப் பாருங்கள். அரசின் தவற்றால் கால் இழந்தான் ஒருவன். அரசின்மீது அவன் வழக்குத் தொடுக்க விரும்பினால், 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் தன் 80-ஆம் பிரிவைக் காட்டி, முதலில் அறிவிப்புக் கொடு, இரண்டு மாதம் பொறு என்கிறது. பொறுக்கிறான். வழக்கு நடக்கிறது, ஆண்டுகள் நகர்கின்றன, இறுதியில் வெல்கிறான். வென்றவனிடம் அதே சட்டத்தின் 82-ஆம் பிரிவு, இன்னும் மூன்று மாதம் பொறு, அதுவரை நிறைவேற்ற ஆணை கேளாதே என்கிறது. அதையும் பொறுக்கிறான். பிறகாவது பணம் வருகிறதா? மேல்முறையீடு வருகிறது, வாய்தா வருகிறது, கோப்பு மேலிடத்தில் இருக்கிறது என்ற மறுமொழி வருகிறது. பணம் மட்டும் வருவதில்லை!

சட்டத்தின்முன் அனைவரும் சமம் என்று அரசியலமைப்பின் 14-ஆம் பிரிவு கூறுகிறது. அதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லும் தொழிலில் இருக்கிறோம் நாம். அப்படியானால் தோற்றவர் யாராயினும் தீர்ப்புக்குப் பணியத்தானே வேண்டும் ஐயா என்று ஒரு பிள்ளை கேட்டால், நேர்மையான விடை என்ன? அதனைத் தேடுவோம்.

தீர்ப்பு என்பது என்ன? அறிவுரையா? வேண்டுகோளா? ஆணையா?

இருவரிடையே வழக்கு எழுகிறது. தோற்றவன் கொடுக்க மறுக்கிறான். உடனே நீதிமன்றத்தின் பின்னாலிருந்து அரசு எழுந்து வருகிறது; அமீனா வருகிறார், தேவையானால் காவலரும் வருகிறார். தீர்ப்பு என்ற தாளுக்கு ஆணை என்ற தகுதி கிடைப்பது, அதற்குப் பின்னால் அரசின் வலிமை நிற்பதால்தான். சரி, தோற்றவர் அரசே என்றால்? அரசின்மீது ஏவ இன்னோர் அரசு ஏது? நீதிமன்றத்திடம் படை இல்லை, பணப்பெட்டியும் இல்லை. இருப்பது எழுதுகோல் ஒன்றே. ஆகவே, அரசுக்கு எதிரான தீர்ப்பு நிறைவேறுவதும் நிறைவேறாததும், பணிவதற்கு அரசுக்கு மனம் உண்டா என்பதையே பொறுத்து நிற்கிறது.

சட்டத்தின் ஆட்சி என்ற சொல்லின் உண்மைப் பொருள் இங்கேதான் உரைத்துப் பார்க்கப்படுகிறது. எளியவனைச் சட்டத்துக்குப் பணியவைப்பது எந்தக் கொடுங்கோலனுக்கும் கைவந்த கலை. தன்னைக் கட்டாயப்படுத்த ஆளில்லாத இடத்திலும் தன்னைத்தானே சட்டத்தால் கட்டிக்கொள்ளும் ஆட்சி எதுவோ, அதுவே சட்டத்தின் ஆட்சி. மற்றது, சட்டம் என்ற கோலை ஏந்திய வல்லான் ஆட்சி.

இந்தத் திமிர் எங்கிருந்து வந்தது? பகுத்தறிவாளர் கட்டாயம் கேட்கவேண்டிய கேள்வி இது. ஏனெனில், இதன் வேர் ஒரு மூடநம்பிக்கையில் இருக்கிறது.

மன்னன் ஆண்டவனின் சாயல் என்றனர். ஆண்டவன் தவறு செய்யான்; ஆகவே அவன் சாயலும் தவறு செய்யாது என்றனர். அரசன் தவறிழைக்க முடியாதவன் என்பது இங்கிலாந்தில் சட்டத்தின் கொள்கையாகவே நிலைபெற்றது. கிழக்கிந்தியக் கம்பெனி வணிகம் செய்ய வந்து ஆளத் தொடங்கியபோது, அதன் கப்பலில் இந்தக் கொள்கையும் சரக்காக வந்திறங்கிற்று. 1861-இல் கல்கத்தாவில் ஒரு வழக்கு. அரசின் கப்பல் துறையில் தொழிலாளர் சுமந்து சென்ற இரும்புத் துண்டால், வண்டி இழுத்து வந்த குதிரை காயமுற்றது. 350 ரூபாய் இழப்பீடு கேட்டனர். தலைமை நீதிபதி பார்னெஸ் பீகாக், அரசு பொறுப்பேற்க வேண்டும் என்றுதான் தீர்ப்பளித்தார். ஆனால் ஒரு கோடும் கிழித்தார்: வணிகர் செய்யும் செயலை ஒத்த செயலானால் அரசு பொறுப்பு, ஆளும் அதிகாரம் கொண்டு செய்யும் செயலானால் பொறுப்பில்லை!

அந்தக் கோடு நூறாண்டு கடந்தும் அழியவில்லை. 1947-இல் மீரத் நகரில், அமிர்தசரசிலிருந்து வந்த நகை வணிகர் ஒருவரைக் காவலர் பிடித்தனர். நூறு தோலாவுக்கு மேற்பட்ட தங்கத்தையும் வெள்ளியையும் கைப்பற்றினர். அவர் விடுவிக்கப்பட்டார், தங்கம் திரும்பவில்லை. அதன் பொறுப்பிலிருந்த தலைமைக் காவலரே அதைச் சுருட்டிக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. கைது செய்வதும் பொருளைக் கைப்பற்றுவதும் ஆளும் அதிகாரத்தின் செயல்கள், ஆகவே அரசு ஈடுகட்ட வேண்டியதில்லை என்று 1964-இல் தீர்ப்பு வந்தது. இந்தச் சட்டநிலை நிறைவளிப்பதாக இல்லை, சட்டமன்றங்கள் திருத்தவேண்டும் என்று நீதிபதிகளே வருந்தினர். 1956-இலேயே சட்ட ஆணையம் தன் முதல் அறிக்கையில் இதற்கெனத் தனிச் சட்டம் வேண்டும் என்றிருந்தது. மசோதா வந்தது, சட்டமாகாமலே மறைந்தது. அந்தக் கொள்கையைப் பெற்று வளர்த்த இங்கிலாந்தோ 1947-இலேயே அரச வழக்குகள் சட்டத்தின் வழியே அதைப் பெரும்பகுதி கைவிட்டுவிட்டது. பெற்றவள் கைவிட்ட பிள்ளையை வளர்ப்புத்தாய் மார்போடு அணைத்துக்கொண்ட கதை!

பின்னர் ஒளி வந்தது, மறுக்கவில்லை. குற்றமற்றவர் என்று 1968-இல் விடுவிக்கப்பட்ட ஒருவரைப் பீகார் அரசு 1982 வரை சிறையிலேயே வைத்திருந்தது. பதினான்கு ஆண்டுகள்! 1983-இல் உச்ச நீதிமன்றம், விடுதலை மட்டும் போதாது, இழப்பீடும் கொடு என்று ஆணையிட்டது. முன்பு தந்த 5,000 ரூபாயோடு மேலும் 30,000 ரூபாய். 1993-இல், ஒரிசாவில் காவலில் மாண்ட 22 வயது இளைஞனின் தாய்க்கு ஒன்றரை இலட்சம் ரூபாய் வழங்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், அடிப்படை உரிமை பறிபோன இடத்தில் ஆளும் அதிகாரம் என்ற கேடயம் செல்லாது என்று தெளிவாக்கிற்று.

கோட்பாட்டில் கேடயம் உடைந்தது. கோப்பில் உடைந்ததா?

மலமள்ளும் கொடுமையைத் தடுக்க 1993-இல் ஒரு சட்டம் வந்தது. 2013-இல் அதனினும் கடுமையான சட்டம் வந்தது. 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம், 1993 முதல் சாக்கடைப் பணியில் மாண்டவர் அனைவரின் குடும்பங்களையும் கண்டறிந்து, ஒவ்வொன்றுக்கும் 10 இலட்சம் ரூபாய் வழங்குமாறு அரசுகளுக்கு ஆணையிட்டது. கண்டறிந்து என்ற சொல்லைக் கவனியுங்கள், தோழர்களே! கணவனை இழந்தவள் மனுவை ஏந்தி அலைய வேண்டும் என்று மன்றம் கூறவில்லை. அரசு அவள் குடிசையைத் தேடிப் போகவேண்டும் என்றது.

நடந்தது என்ன? அவள்தான் அலைந்தாள். இறந்தவன் எங்கள் பணியாள் அல்லன், ஒப்பந்தக்காரரின் ஆள் என்றது ஓர் அலுவலகம். அது தனியார் வீட்டுத் தொட்டி, எங்கள் சாக்கடை அன்று என்றது மற்றொன்று. வாரிசுச் சான்றிதழ் எங்கே என்றது மூன்றாவது. மும்பையின் கோவண்டியில் 2019 டிசம்பரில் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி மூவர் மாண்டனர். அவர்களுடைய மனைவியர், ஏற்கெனவே உச்ச நீதிமன்றம் அனைவருக்கும் வழங்கிவிட்ட உரிமையைப் பெற, தனியே பம்பாய் உயர் நீதிமன்றம் செல்ல நேர்ந்தது. வேலைக்கு வைத்த தனியாரே கொடுக்கட்டும் என்று அரசு வாதாடிற்று. முதலில் நீ கொடு, பிறகு அவரிடம் வசூலித்துக்கொள் என்று 2021-இல் மன்றம் சொன்ன பிறகே வழி பிறந்தது.

முழுத்தொகை பெறாத குடும்பங்கள் இன்னும் இருந்தன என்பதை, நாடாளுமன்றத்தில் அரசு தந்த விடைகளே காட்டின. 2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் பேசவேண்டியதாயிற்று. இழப்பீட்டை 30 இலட்சமாக உயர்த்திற்று. நிலையான ஊனமுற்று வாழ வழியற்றுப் போனவருக்கு 20 இலட்சத்துக்குக் குறையலாகாது என்றது. வரவேற்கிறோம். ஆனால் பத்து இலட்சத்தையே பெறாத வீட்டில், முப்பது என்ற எண் எப்படி ஒலிக்கும்? பசித்தவன் காதில் விருந்தின் பட்டியலை வாசித்ததுபோல!

குழியில் இறக்கப்பட்டவன் எந்தச் சாதியில் பிறந்தவன் என்று யாரும் கேட்கவேண்டியதில்லை, நாடே அறியும். உயிரோடு இருந்தபோது அவனைத் தொடத் தயங்கிய கை, அவன் மாண்டபின் அவன் குடும்பத்தின் கோப்பைத் தொடவும் தயங்குகிறது. தீண்டாமையைத் தெருவில் மட்டும் தேடாதீர்கள். மேசையின்மேல் புரளாமல் கிடக்கும் கோப்பிலும் தேடுங்கள்.

இனி, ஆட்சியாளர் கூறும் காரணங்களைக் கேட்போம். கேளாமல் தள்ளுவது பகுத்தறிவன்று.

முதற்காரணம்: பணமில்லை.

செர்னோபில் அணு உலை வெடித்த 1986-ஆம் ஆண்டு, அங்கே மீட்புப் பணிக்கு அனுப்பப்பட்டார் ஷாக்தி நகரத்தவர் ஒருவர். கதிர்வீச்சால் உடல்நலம் கெட்டது. ரஷ்ய நீதிமன்றம் 1997-இல் அவருக்கு இழப்பீட்டுத் தொகை தரச் சொன்னது. நிதி இல்லை என்று கைவிரித்தது அலுவலகம். ஸ்ட்ராஸ்பர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2002-இல் சொன்ன விடை சுருக்கமானது: தீர்ப்பின்படி பட்ட கடனைத் தராமலிருக்க, நிதியில்லை என்பதை ஓர் அரசு சாக்காகச் சொல்லலாகாது. அதன் பின்னும் நிலுவை தொடர, 2009-இல் அதே மனிதருக்காக அதே மன்றம் மீண்டும் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. அணுத்தீயை அணைக்க அழைத்தபோது, ஆள் இல்லை என்று அந்த மனிதர் சொன்னாரா?

அயல்நாட்டு மன்றம் எதற்கு என்பார்க்கு நம் அரசியலமைப்பே விடை தருகிறது. அதன் 202-ஆம் பிரிவு, மாநிலத்தின் தொகுநிதியிலிருந்து சட்டமன்ற வாக்கெடுப்புக்கு விடாமலே கொடுத்தாக வேண்டிய செலவுகளை வரிசைப்படுத்துகிறது. ஆளுநரின் ஊதியம் அதில் உண்டு. உயர் நீதிமன்ற நீதிபதிகளின் ஊதியம் உண்டு. அரசு வாங்கிய கடனுக்கான வட்டி உண்டு. அதே வரிசையில், நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றத் தேவையான தொகையும் உண்டு! நடுவண் அரசுக்கும் 112-ஆம் பிரிவு இதையே விதிக்கிறது. ஆளுநரின் ஊதியம் என்றேனும் நிலுவையில் நின்றதுண்டா? கோப்பு மேலிடத்தில் இருக்கிறது என்று அவருக்கு எவரேனும் கூறியதுண்டா? ஒரே பிரிவு, ஒரே வரிசை. மாளிகைக்குரிய தொகை மாதந்தோறும் போகிறது, குடிசைக்குரிய தொகை ஆண்டுக்கணக்கில் தவம் கிடக்கிறது. பணமில்லை என்பது பொய். மனமில்லை என்பதே மெய்.

இரண்டாம் காரணம்: இது மக்கள் பணம், ஒருவனுக்குக் கொடுத்தால் பலருக்குக் குறையும், அரசின் உடைமையை ஜப்தி செய்தால் பொதுமக்களுக்கே இடர்.

தமிழ்நாட்டில் நாம் அடிக்கடி காண்பது இது. விபத்தில் மாண்டவர் குடும்பத்துக்குப் போக்குவரத்துக் கழகம் இழப்பீடு தரவில்லை. நீதிமன்ற ஊழியர் பேருந்து நிலையத்துக்கு வருகிறார். பேருந்தின் கண்ணாடியில் ஜப்தி அறிவிப்பு ஒட்டப்படுகிறது. நிலம் எடுத்ததற்கு ஈடு தராத அலுவலகத்தில் நாற்காலியும் மேசையும் கணினியும் வெளியே வருகின்றன. ஊர் கூடிச் சிரிக்கிறது. நாம் சிரிக்கவில்லை. அது ஆட்சியின் மானம் தெருவுக்கு வந்த காட்சி.

பேருந்து போனால் பயணிகளுக்கு இடர் என்பது உண்மையே. ஆனால் பேருந்தை மீட்க விரைந்து கிடைக்கும் பணம், அதற்குமுன் ஆண்டுக்கணக்கில் கிடைக்காதது ஏன்? 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், அரசுப் போக்குவரத்து நிறுவனங்களுக்குக் காப்பீட்டுக் கட்டாயத்திலிருந்து விலக்களிக்க இடம் தருகிறது; விபத்து இழப்பீட்டுக்கெனத் தனி நிதி வைத்திருக்க வேண்டும் என்பது அதற்கு நிபந்தனை. விலக்கை வாங்கிக்கொண்டு நிபந்தனையை மறப்பது எந்த ஊர் நியாயம்?

தென்னாப்பிரிக்காவில் அரசின் உடைமையைத் தொடவே கூடாது என்று 1957-ஆம் ஆண்டுச் சட்டமொன்று காவல் நின்றது. அரசு மருத்துவமனையின் கவனக்குறைவால் உடல் முடங்கிய ஒருவர், வழங்க வேண்டிய தொகைக்காக அரசியலமைப்பு நீதிமன்றம் வரை சென்றார். 2008-இல் அந்த மன்றம், அப்படிக் காவல் நிற்பது சட்டத்தின்முன் சமம் என்ற கொள்கைக்கு முரண் என்று அந்தப் பிரிவையே செல்லாததாக்கிற்று.

மக்கள் பணம் என்ற வாதத்துக்கு வருவோம். பேருந்து ஓடுவது நம் எல்லோருக்கும். சாலை போட நிலம் எடுத்தது நம் எல்லோருக்கும். சாக்கடை தூய்மையாவது நம் எல்லோருக்கும். பயன் எல்லோருக்கும் என்றால், அதற்காக விழுந்த அடியின் செலவும் எல்லோருக்கும் அன்றோ? அதைக் கொடுக்காதவரை, அடிபட்ட ஒருவனே அனைவருக்குமான செலவைத் தாங்குகிறான். பத்து இலட்சத்தை எதிர்பார்த்து ஒண்டுக்குடிசையில் அமர்ந்திருக்கும் அந்தக் கைம்பெண், உண்மையில் இந்த நாட்டுக்கே கடன் கொடுத்திருக்கிறாள்! நாட்டின் ஏழைகளுள் ஏழை, நாட்டுக்குக் கடன் கொடுத்தவள். நாடு அவளை வாசலில் நிறுத்தி, நாளை வா என்கிறது.

மூன்றாம் காரணம்: நடைமுறை. நிதித்துறை இசைவு, சட்டத்துறை கருத்து, கணக்குத் தணிக்கை என அடுக்குவர். நடைமுறை வேண்டும், மறுப்பாரில்லை. ஆனால் அவமதிப்பு வழக்குத் தொடுத்து, உயர் அலுவலர் நேரில் வரவேண்டும் என்று நீதிபதி நாள் குறித்துவிட்டால், அதே நடைமுறைக்குக் கால் முளைத்து, சிறகும் முளைத்துவிடுகிறதே! நாள் நெருங்க நெருங்கத் தொகை வந்துவிடுகிறதே! அப்படியானால் தடையாக நின்றது நடைமுறையா, அச்சமின்மையா?

இந்தத் தாமதம் பணத்தை மட்டும் பறிப்பதில்லை. அதனினும் பெரியதொன்றைப் பறிக்கிறது. தீர்ப்பு கையில் கிடைத்த நாளில் அவன் உரிமை பெற்ற மனிதன். தலை நிமிர்ந்து படி இறங்கினான். ஓராண்டு கழித்து எழுத்தரின் மேசைமுன் அவன் குரல் தாழ்கிறது. ஈராண்டு கழித்துக் கை கூப்புகிறான். ஐந்தாண்டு கழித்து மேடையொன்றில் காசோலை தரப்படுகிறது, படம் எடுக்கப்படுகிறது, வழங்கினார் என்று செய்தி வருகிறது. யார் பணத்தை யார் வழங்கினார்? பட்ட கடனைத் திருப்பித் தருவதற்குப் பெயர் வள்ளன்மையா? உரிமை என்று நீதிமன்றம் தந்ததைப் பிச்சை என்று மாற்றித் தருகிறது தாமதம். குடிமகனைக் குடியாக மட்டும் ஆக்கிவிடுகிறது. மகன் என்ற உறவை அறுத்துவிடுகிறது.

கன்றுக்காகத் தன் மகனைத் தேர்க்காலில் இட்ட சோழனைப் பாடிப் பெருமை கொள்கிறோம். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் அவனுக்குச் சிலையும் உண்டு. தவறான தீர்ப்பை உணர்ந்த நொடியில் அரியணையிலேயே உயிர் துறந்தான் பாண்டியன் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. நாம் அவற்றை வரலாறு என்று வாதாட வரவில்லை. அவை தமிழன் நீதிக்கு வைத்த அளவுகோல் என்பது போதும். ஆனால் ஒன்று கேட்கிறோம். மன்னனின் மனம் நல்லதாக அமைந்ததால் கிடைத்த நீதி அது. மன்னன் மனம் கல்லாக இருந்திருந்தால்? நல்லவனுக்காகக் காத்திருப்பது முடியாட்சிக் காலத்து நம்பிக்கை. யார் ஆண்டாலும் கிடைத்தே தீரவேண்டும் என்பது குடியாட்சியின் நீதி. எந்த அமைச்சரும் மகனைத் தேர்க்காலில் இட வேண்டாம். எவரும் அரியணையில் உயிர்விடவும் வேண்டாம். கருவூலத்துக்கு ஒரு பட்டியல் அனுப்பினால் போதும்!

நாம் கேட்பவை பெரியவையல்ல. அரசின்மீது இறுதியான ஒவ்வொரு தீர்ப்புத் தொகையும் ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தோடு பட்டியலாக மக்கள்முன் வைக்கப்படட்டும். குறித்த நாளுக்குள், மனுவின்றி, பாதிக்கப்பட்டவரின் கணக்கில் தொகை சேரட்டும். காரணமின்றித் தாமதித்தால், அதனால் ஏறும் வட்டி தாமதித்த அலுவலரைச் சேரட்டும். இது புதுமையன்று: பொதுப்பணத்திலிருந்து இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, பொறுப்பான அலுவலரிடம் அதை வசூலிக்கவேண்டும் என்று 1993-இல் லக்னோ வளர்ச்சிக் குழும வழக்கில் உச்ச நீதிமன்றமே கூறியிருக்கிறது.

இளைஞர்களே, உங்களுக்கும் வேலை உண்டு. தீர்ப்பு வந்ததும் கைதட்டிக் கலைவது நம் வழக்கமாகிவிட்டது. அது தவறு, வேலை தொடங்குவதே அன்றுதான். உங்கள் வட்டத்தில் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பவர் யார் யார் என்று கணக்கெடுங்கள். 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் உங்கள் கையிலிருக்கிறது. எத்தனை தீர்ப்புகள், எவ்வளவு தொகை, எந்த நாள்முதல் நிலுவை என்று கேளுங்கள். 30 நாளில் விடை தந்தாக வேண்டும். தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் பெண்களுக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டென 1987-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது; அவர்களைச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குக் கைப்பிடித்து அழைத்துச் செல்லுங்கள். அவமதிப்பு வழக்குக்கு ஓராண்டே காலவரம்பு என்பதைக் காலம் கடக்குமுன் எடுத்துச் சொல்லுங்கள். மேடையில் முழங்குவதற்கு ஆயிரம் பேர் உண்டு. மனு எழுதித்தர ஊருக்கு ஒருவர் வேண்டும்.

ஆண்டவனின் சாயல் என்று சொல்லப்பட்ட அரசனை நம்ப மறுத்தோம். அவன் அமர்ந்த நாற்காலி தவறே செய்யாது என்ற நம்பிக்கை மட்டும் இன்னும் எஞ்சி நிற்கிறது. அதையும் மறுப்போம்.

வரி கொடு என்று அரசு கேட்கும் உரிமையோடு, கடனைக் கொடு என்று குடிமகன் அரசைக் கேட்கட்டும். அந்தக் குரல் தாழாதிருக்க, அவன் அருகில் நாம் நிற்போம்.